'லாஸ்ட் சீன்' 3.12... அம்மாவுக்குத் தூக்கம் திரும்பி வந்த கதை!

மதுரையில் இருக்கும் அம்மா ராத்திரி தூங்கினாரா இல்லையா என்பதை, சென்னையில் இருக்கும் நான் வாட்ஸ்அப்பைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். காலையில் எழுந்ததும் அம்மாவின் பெயரைத் தொட்டால் 'லாஸ்ட் சீன்' காட்டும். 1.40, 2.25, 3.12. நான்கு மணிக்கு மேல் காட்டினால் அன்று காலையில் போன் செய்ய மாட்டேன். செய்தால், "ஒண்ணுமில்லடி, சும்மா முழிப்பு வந்துருச்சு" என்பார். குரலிலேயே எரிச்சல் தெரியும்.

அந்த நேரத்தில் அம்மா போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'படுத்தவுடன் தூக்கம் வர வேண்டுமா? இந்த ஒரு பொருளைப் பாலில் கலந்து குடியுங்கள்!' என்ற மாதிரிக் கட்டுரைகள். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நானும் அப்படி ஏழெட்டு எழுதியிருக்கிறேன். அம்மா ஒவ்வொன்றையும் விடாமல் செய்து பார்த்திருக்கிறார். ஜாதிக்காய்ப் பால், கசகசா பால், உள்ளங்காலில் நல்லெண்ணெய், தலையணைக்கு அடியில் மருதாணிப் பூ.

"நீ எழுதினதுன்னுதான் செஞ்சேன். பால் குடிச்சா பாத்ரூம் போக வேண்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால், சிரிக்கிற விஷயமில்லை என்பது போன ஆடி மாதம் புரிந்தது.

அம்மாவுக்கு 57 வயது. மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே 11 இரவுகள் உட்கார்ந்திருந்தார். அப்பா நன்றாகிவிட்டார். இப்போது தினமும் வாக்கிங் போகிறார், டீக்கடையில் அரசியல் பேசுகிறார். அம்மாவின் தூக்கம் மட்டும் அந்த வராந்தாவிலேயே தங்கிவிட்டது. அப்போது ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு மட்டும் என்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு சீட்டே இல்லாமலும், அம்மா அதைக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றாலும் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டிய மருந்து. தெருமுனைக் கடையில் அதெல்லாம் யார் கேட்கிறார்கள்? அரை மாத்திரை ஒன்றானது, ஒன்று இரண்டானது. எங்கள் யாருக்கும் தெரியாது.

போன ஆடியில் ஓர் இரவு, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர், நடு ராத்திரியில் பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்ட மருத்துவர்தான், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். இந்த வகை மாத்திரைகள் உடலின் சமநிலையைக் குறைக்கும். வயதானவர்கள் கீழே விழுவதற்கு இவை ஒரு முக்கியமான காரணம். அவரே ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா முரண்டு பிடித்தது தனிக்கதை. அப்பா பேசித்தான் அழைத்துப்போனார். நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

மாத்திரை இல்லாமல் இயற்கையாகத் தூங்க வழி கேட்டு இந்தப் பகுதிக்கு நிறைய வாசகர்கள் எழுதுகிறீர்கள். அன்று அந்த அறையில் நான் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும்தான் என் பதில். இதில் பால் வரும், எண்ணெய் வரும். ஆனால், அவை கடைசியில்தான் வரும்.

தூக்கத்தைத் துரத்தினால் ஓடும்

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமலோ, பாதியில் கலைந்தோ அவதிப்படுவது மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட தூக்கமின்மை. ஒரு பரீட்சைக்காகவோ, ஒரு சாவு வீட்டுத் துக்கத்திலோ பத்து நாள் தூங்காமல் இருப்பது வேறு. இது வேறு.

மருத்துவர் முதலில் தூக்கத்தைப் பற்றியே பேசவில்லை. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் டெஸ்ட் எழுதினார். இரும்புச்சத்து குறைந்தால் ராத்திரியில் கால் குடைச்சல் வந்து தூங்க விடாதாம். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பது தூக்கத்தைக் கலைக்கும். அப்பாவைப் பார்த்து, "இவங்க சத்தமா குறட்டை விடுவாங்களா? நடுவுல மூச்சு நின்னு திணறுற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். அப்படி இருந்தால் அது வேறு நோய், வேறு வைத்தியம். அப்பாவின் முகத்தில் திருட்டு முழி. எங்கள் வீட்டில் குறட்டை விடுவது அவர்தான்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான், "எத்தனை மணிக்குப் படுக்குறீங்க?" என்ற கேள்வி வந்தது.

"ஒம்பது மணிக்கே படுத்துருவேன் டாக்டர். சீக்கிரம் படுத்தாலாவது ரெண்டு மணி நேரம் கூட வராதான்னுதான்."

பிரச்னை அங்கேதான் இருந்தது. நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. தூக்கம் போதவில்லை என்றால் சீக்கிரம் படுக்கிறோம், காலையில் கூடக் கொஞ்ச நேரம் புரள்கிறோம், மத்தியானம் சோபாவில் சாய்ந்து ஈடுகட்டப் பார்க்கிறோம்.

தூக்கத்தைப் பசி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கப் பசி ஏறும். மத்தியானம் முக்கால் மணி நேரம் கண்ணசருவது, சாப்பாட்டுக்கு முன்னால் நொறுக்குத்தீனி தின்கிற மாதிரி. ராத்திரி இலை போட்டால் பசி இருக்காது. சாயந்திரம் குடிக்கும் காபியின் வேலை இன்னும் தந்திரமானது. அது பசியைத் தீர்ப்பதில்லை. பசி தெரியாமல் மறைத்துவிடுகிறது. குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக் காபியில் பாதி, பத்து மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, மூளைக்குள் ஓடும் கடிகாரம். 2017-ல் மருத்துவ நோபல் பரிசே இந்த உடல் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று பேருக்குத்தான் கிடைத்தது. இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கினால், திங்கட்கிழமை ராத்திரிக்குள் கடிகாரம் குழம்பிப்போய் நிற்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் புதிது. தூக்கம் வராமல் படுக்கையில் மணிக்கணக்காகப் புரண்டு, மணி பார்த்து, 'ஐயோ, இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு' என்று பயந்து, இப்படியே மாதக்கணக்கில் போனால், 'இந்தக் கட்டில் விழித்திருக்கும் இடம்' என்று மூளை பாடம் படித்துவிடுகிறது. டிவி முன்னால் உட்கார்ந்தபடி சொக்கி விழும் அம்மா, கட்டிலில் படுத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம்.

ஆக, தூக்கத்தைக் கெடுத்தது அப்பாவின் ஆபரேஷன். அது முடிந்த பிறகும் கெடுத்துக்கொண்டே இருந்தது, தூக்கத்தைப் பிடிக்க அம்மா செய்த முயற்சிகள்.

பன்னிரண்டு மணிவரை படுக்கக் கூடாது!

முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். மணி பார்த்து எழுதக் கூடாது. காலையில் எழுந்து, உத்தேசமாகத்தான். அம்மா பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கூட்டிப் பார்த்தால், ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்தரைவரை எட்டரை மணி நேரம் கட்டிலில் இருக்கிறார். தூங்குவதோ சராசரியாக ஐந்து மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரமும் புரளல்.

நான் எதிர்பார்த்தது, எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஏதாவது வழி சொல்வார்கள் என்று. அவர் சொன்னது நேர் எதிர். இனிமேல் ராத்திரி 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும், காலை 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும். எவ்வளவு தூங்கியிருந்தாலும் சரி, தூங்காவிட்டாலும் சரி. பகலில் படுக்கையே கூடாது.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். தூக்கம் வரவில்லை என்று வந்தவரிடம் தூங்காதே என்கிறார்களே!

இது அந்த மருத்துவரின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தைக் கெட்டியாக்கும் இந்த முறையை ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1972-ல், ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் இன்னொரு விதியைச் சொன்னார். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போலத் தூங்காமல் கிடப்பதாகத் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். சொக்கினால் மட்டும் திரும்பி வாருங்கள். இந்த இரண்டோடு, கவலைகளைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்ததுதான் 'சிபிடி-ஐ' எனப்படும், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் தர வேண்டும் என்று 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்' என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. மருந்தே இல்லாத வைத்தியம். இதைவிட இயற்கையான வழி என்ன இருக்கிறது?

ஆனால், சுலபமான வழி இல்லை. முதல் பத்து நாள் படுமோசம். ஒன்பதரைக்கே அம்மாவின் தலை தொங்கும். அவரைத் தூங்கவிடாமல் காப்பது அப்பாவின் டியூட்டி. இரண்டு பேரும் தாயம் ஆடினார்கள். பழைய போட்டோ ஆல்பத்தையெல்லாம் எடுத்து அடுக்கினார்கள். அப்பாவோ பாதி ஆட்டத்தில் குறட்டை. ஒன்பதாவது நாள் அம்மா போன் செய்து, "எனக்கு நடக்கவே முடியலடி. இந்த வைத்தியம் வேணாம், பழைய மாத்திரையே போதும்" என்று அழுதார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். இந்தக் கட்டம் வரும் என்று முன்பே சொல்லித்தானே அனுப்பினோம், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றார்கள். அந்த நாள்களில் அம்மாவை ஸ்கூட்டி ஓட்ட விடவில்லை.

நடு ராத்திரி விழிப்பு வந்தால் எழுந்து வர வேண்டுமே, வந்து என்ன செய்வது? போன் கூடாது. அது சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். படுக்கையறைச் சுவர்க் கடிகாரத்தையும் அப்பா கழற்றிவிட்டார். மங்கலான விளக்கு வெளிச்சத்தில், சுவாரஸ்யமே இல்லாத வேலையாக இருக்க வேண்டும். அம்மா பூண்டு உரிக்க ஆரம்பித்தார். இல்லாவிட்டால் புளியில் கொட்டை எடுப்பது, துணி மடிப்பது. "வீடே ஊறுகாய் ஃபேக்டரி மாதிரி நாறுது" என்று அப்பா என்னிடம் புகார் சொன்னார்.

பதினைந்தாவது நாள்வாக்கில் ஓர் ஆச்சரியம். பன்னிரண்டு மணிக்குப் படுத்த அம்மா ஒரேயடியாக நாலே முக்கால்வரை தூங்கியிருக்கிறார். மொத்தம் பார்த்தால் அதே ஐந்து மணி நேரம்தான். ஆனால் துண்டு துண்டாக இல்லை. படுக்கையில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85, 90 பங்கு தூங்குவது ஒரு வாரம் நீடித்தால், கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். 11.45. அடுத்து 11.30. ஒரு வாரம் சறுக்கினால் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டரை மாதத்தில் 10.45-க்கு வந்து சேர்ந்தார். இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறார். எட்டு மணி நேரம் இல்லையே என்று நான்தான் கேட்டேன். பகலில் சோர்வில்லாமல் வேலை பார்க்க முடிகிறது என்றால் அவருக்கு அது போதும். எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை பொருந்தாது என்று பதில் வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தூக்க நேரத்தைக் குறைக்கும் இந்த முறையைப் படித்துவிட்டு, நீங்களாகவே நாளை ஆரம்பிக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமனநிலைக் கோளாறு உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள், கர்ப்பிணிகள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், உயரத்திலோ இயந்திரங்களிலோ வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்தாக முடியலாம். மருத்துவர் மேற்பார்வை தேவை. பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்க மாட்டார்கள். ஆனால், தினமும் ஒரே நேரத்தில் எழுவது, எழுந்ததும் வெளிச்சத்துக்கு வருவது, விழித்தபடி கட்டிலில் கிடக்காமல் இருப்பது, இவற்றை இன்றைக்கே தொடங்கலாம். அம்மா கோலம் போட்டதும் உள்ளே வந்துவிடாமல், மொட்டை மாடியில் இருபது நிமிடம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

இன்னொரு நோட்டும் உண்டு. சாயந்திரம் ஆறு மணிக்குக் கவலைகளை எழுதும் நோட்டு. பக்கத்தில், நாளைக்கு அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரி. ராத்திரி அதே கவலை வந்தால், 'உன்னை எழுதியாச்சு, நாளைக்கு வா' என்று சொல்லிவிடலாம். ரகசியமாகப் புரட்டிப் பார்த்தேன். அப்பாவின் மாத்திரை, தங்கைக்கு ஃபீஸ், மாடித் தண்ணீர்த் தொட்டிக் கசிவு. என் கல்யாணம் மட்டும் மூன்று பக்கங்களில் வருகிறது.

மாத்திரையை எப்படி விட்டார்?

ஒரே நாளில் விடவில்லை. நிறையப் பேர் செய்யும் தவறு இது. மாதக்கணக்கில் சாப்பிட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும். படபடப்பு, கை நடுக்கம் வரும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். 'நான் இயற்கைக்கு மாறிட்டேன்' என்று மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு அவதிப்படாதீர்கள். அம்மாவுக்குத் தூக்கம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் குறைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு, ஒன்றரை, ஒன்று, முக்கால், அரை, கால் என்று நான்கு மாதம் பிடித்தது. பங்குனியில் நிறுத்தினார்.

சரி, ஜாதிக்காய்?

நான் எழுதிய பாவத்துக்கு நானே பரிகாரம் சொல்ல வேண்டும்.

வெந்நீர்க் குளியலுக்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது. படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு குளித்தால், கை கால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து, உடம்பின் உள்சூடு வெளியேறும். உள்சூடு இறங்குவது தூக்கத்துக்கான அறிகுறி. வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொள்வதும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்று பாட்டி திட்டுவார்களே, அந்தத் திட்டை இப்போது மதிக்கத் தோன்றுகிறது. எண்ணெய்க்குளியல் முடிந்து சொக்கும் அந்தத் தூக்கத்தை ராத்திரிவரை சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்!

வெதுவெதுப்பான பால் பிடித்தால் குடியுங்கள். ராத்திரி அடிக்கடி சிறுநீர் போகிறவர்கள் ஏழு மணிக்கே குடித்துவிடுங்கள். ஜாதிக்காய் சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. 'இன்னும் கொஞ்சம் போட்டா நல்லா தூங்கலாம்' என்று ஸ்பூன் கணக்கில் போட்டால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம்வரை கொண்டுபோகும். கசகசா அபின் செடியின் விதை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு அன்பாகக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அமீரகத்தில் அதைக் கொண்டுபோவது குற்றம். அமுக்கரா சூரணம் ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். சித்த மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள், யூடியூபைப் பார்த்து அல்ல.

இவை எதுவும் மூன்று வருடத் தூக்கமின்மையைத் தனியாகத் தீர்க்காது. பொதுவான தூக்க டிப்ஸை மட்டும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு வைத்தியமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியே 2021-ல் சொல்லிவிட்டது. அதைப் படித்த அன்று, என் பழைய ஏழெட்டுக் கட்டுரைகளும் வரிசையாக ஞாபகம் வந்தன.

தூக்கம் போனதோடு எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலையில் விழித்து அழுகை வந்தால், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால், அது தூக்கப் பிரச்னை மட்டுமல்ல. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாவிட்டால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்கு இப்போதும் மோசமான இரவுகள் வருகின்றன. போன வாரம் சித்தி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய இரவு, ஒரு மணிவரை தூக்கமில்லை. எழுந்து சமையலறைக்குப் போயிருக்கிறார், சொக்கியதும் வந்து படுத்திருக்கிறார். ஐந்தரைக்கு எழுந்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போய், பந்தி பரிமாறி, மத்தியானம் எல்லோரும் பாய் விரித்துப் படுத்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறார். மறுநாள் காலையில் போன் செய்தேன்.

"நேத்து பத்தே முக்காலுக்குப் படுத்ததுதான் தெரியும்" என்றார். பிறகு, "அன்னைக்கு ராத்திரி ஒரு கிலோ பூண்டு உரிச்சுட்டேன்டி. வீணாப் போகுமேன்னு ஊறுகாய் போட்டு வச்சிருக்கேன். எப்ப வர்ற?"